டிரில் சார் வீட்டுச் சொட்டுப்பானை

எங்கள் வீட்டுத் துவைகல் கொஞ்சம் உயரம். அதன் மேல் ஏறி நின்றால் பக்கத்து வீட்டுக் கொல்லை முழுசாகத் தெரியும், அதற்கு அடுத்த வீட்டுக் கொல்லை பாதி தெரியும். கல்லை அப்படிப் போட்டவர் வீட்டுக்காரர் நல்லுசாமி, நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தை யாரிடம் ஆரம்பித்தாலும், "சின்னக்கண்ணு, ஒனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்றுதான் கேட்கிறார்கள்.

திண்டுக்கல்லில் புகையிலைக் கிட்டங்கி வைத்திருந்த நல்லுசாமிக்கு எங்கள் தெருவில் வரிசையாக மூன்று வீடுகள். ஒன்றில் நாங்கள். நடு வீட்டில் டிரில் மாஸ்டர் சூசைமாணிக்கமும் அவர் சம்சாரம் ஆரோக்கியம்மாளும். மூன்றாவதில் மாயம்மாள். மூன்று வீட்டுக்கும் வாடகை ஒன்று, வாய் மட்டும் வேறு வேறு.

சூசைமாணிக்கம் சார் காலமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை 'அட்டேன்ஷன்' சொல்லியே நிமிர்த்தியவர். நயா பைசா வந்து ரெண்டு மூணு வருஷத்தில் ரிட்டையர் ஆனார். வேலை அவரை விட்டதே தவிர, விசில் அவர் கழுத்தை விடவில்லை. பால்காரர் தாமதமாக வந்தால் வாசலில் விசில் கேட்கும். அவர் சாதாரணமாகப் பேசினாலே எங்கள் வீட்டுத் தொட்டிலில் பிள்ளை முழித்துக்கொள்ளும்.

அவர்கள் கொல்லையில், மாயம்மாள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு முருங்கை மரம். ஆரோக்கியம்மாள் கல்யாணமாகி வந்தபோது அவள் அண்ணன் சித்தையன்கோட்டையிலிருந்து சீர்ப்பாத்திரங்களோடு நட்டு வளர்க்க வண்டியில் ஏற்றி அனுப்பிய கிளைப் போத்து அது. பித்தளைப் பாத்திரங்கள் ஒன்றொன்றாகப் போய்விட்டன. மரம் மட்டும் நின்றது. காயும் கீரையும் தெருவுக்கே கொடுப்பாள். ஆனால் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி, அடை அடையாக. அவை சுவரேறி மாயம்மாள் வீட்டுப் பக்கம்தான் போகும். எங்கள் பக்கம் வராது. அதனால் எனக்கு அந்த மரத்தின் மேல் எந்த வருத்தமும் இருந்ததில்லை.

அந்த வருஷம் மாயம்மாள் மகளுக்குத் தலை தீபாவளி. மருமகன் தங்கமுத்து ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம். கஞ்சி மொடமொடப்புப் போக அவருடைய புது வேட்டியை அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள் மாயம்மாள். ராத்திரி அதன் மடிப்புக்குள் யார் போய்ப் படுத்தார்கள் என்று பார்க்கவில்லை. மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளித்து, வேட்டி கட்டி, இலை முன்னால் உட்கார்ந்தார். முதல் இட்லிக்கு நெளிந்தார். இரண்டாவது இட்லிக்கு எழுந்து ஓடினார். அன்று பூராவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெற்றிலைச் சாறு தடவியபடி கிடந்தார் என்று கேள்வி. கேள்வி என்ன, அந்த வெற்றிலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் சத்தம் போடவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் கோபத்திலும் மரியாதை குறையமாட்டார்கள். "ஏனுங்க அத்தை, அடுத்த தீவாளிக்கு அந்த மரம் நின்னா நான் வரலீங்க" என்றார். அவ்வளவுதான்.

மாயம்மாள் நல்லுசாமியைக் கையோடு கூட்டிவந்தாள். கொல்லையில் பஞ்சாயத்து.

"மரத்தை வெட்டுனா நானும் சித்தையன்கோட்டைக்குப் போறேன். அண்ணன் வீட்டுல எனக்கு ஒரு தட்டுச் சோறு இல்லாமப் போகாது" என்றாள் ஆரோக்கியம்மாள். அவள் சொன்னால் செய்கிறவள். சார் மரத்தைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார், முதல் தடவையாக வாயைத் திறக்காமல் நின்றார்.

"புகையிலைத் தண்ணி அடிச்சுப் பாரேன்ம்மா. கிட்டங்கியில தூள் கெடக்கு" என்றார் நல்லுசாமி.

"அடிச்சிட்டு அந்தக் கீரையை ஆரு திங்குறது? நீங்க திங்குறீங்களா?"

நல்லுசாமி அந்தப் பேச்சை விட்டுவிட்டார். "அப்ப இதுதான் முடிவு. அடுத்த தீவாளி வரைக்கும் டைம். பூச்சி நின்னா மரம் நிக்கும். பூச்சி வந்தா ஆளை விட்டு வெட்டிருவேன். முன்னாடி மாதிரி பந்தம் கொளுத்துறேன்னு மாயம்மா மாட்டுக் கொட்டாயைக் கருக்குனீங்கன்னா, வீட்டையே காலி பண்ணச் சொல்லிருவேன்."

கார்த்திகையில் சார் மச்சினர் வீட்டுக்குப் போய் வந்தார். வந்த நாளிலிருந்து ஆள் ஒரு மாதிரி. மரத்தடியில் நிற்கிறார், வானத்தைப் பார்க்கிறார், சுவரில் ஏதோ அளக்கிறார். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கீரை ஆய்கிற சாக்கில் போய் ஆரோக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க அண்ணன் தோட்டத்து வேலியில ஒரு குருவியைப் பாத்தாராம்டி. மேல கருப்புக் கோட்டு, கீழ வெள்ளைச் சட்டை, தலையில கொண்டை. கொண்டைக் குயிலுன்னு அண்ணன் சொல்லுச்சாம். கம்பளிப்பூச்சியைக் கவ்வி, கெளையில ரெண்டு அடி அடிச்சு, முடியோட முழுங்குதாம். மத்த குருவி எதுவும் அதைத் தொடாதாம்."

"அதுக்கு?"

"அதை இங்க வரவைக்கப் போறாராம்."

"விசில் அடிச்சா?"

அவள் முறைத்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

முதலில் கம்பு இறைத்தார். தெருக் கோழி அத்தனையும் வந்தது. கோழியைத் தேடிக்கொண்டு கோழிக்காரர்கள் வந்தார்கள். சார் விசிலடித்து ரெண்டு தரப்பையும் விரட்டினார். பூச்சி தின்கிற குருவிக்குக் கம்பு எதற்கு என்று அவருக்குத் தோன்றவே ஒரு மாசம் ஆனது. பிறகு கனிந்த வாழைப்பழத்தைக் கிளையில் கட்டினார். அணில்கள் வந்து தின்றுவிட்டு, இன்னும் எங்கே என்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்தன. "சார், கொல்லையில ஓட்டல் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

பங்குனி வெயிலில்தான் அவருக்குப் பிடி கிடைத்தது. எங்கள் ஊரில் வெயில் காலத்துத் தண்ணீர்ப் பாடு தெரிந்ததுதானே. குழாயில் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடப்போம். கொல்லைக் கிணற்றில் இருப்பது உப்புத் தண்ணீர், கழுவத்தான் ஆகும். ஒரு மத்தியானம், அந்தக் கிணற்றடியில் தொங்கிய ஓட்டை வாளியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ, அதன் கீழே குருவிகள் முண்டியடித்ததை சார் பார்த்தார். தட்டில் வைத்த தண்ணீரை எட்டிப் பார்க்காதவை, சொட்டுகிற சத்தத்துக்கு எங்கிருந்தோ வந்தன. ஏன் அப்படி? அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றுதான் நான் துவைகல்லின் மேல் துணி துவைக்காமலே ரொம்ப நேரம் நின்றேன்.

மறுநாள் ஒரு மண்பானையின் அடியில் துளை போட்டு, துணித் திரி சொருகி, முருங்கைக் கிளையில் தொங்கவிட்டார். முருங்கைக் கிளை எவ்வளவு தாங்கும்? பானை விழுந்தது, கீழே வைத்திருந்த மண்தட்டும் உடைந்தது. இரண்டாவது பானைக்கு மூன்று மூங்கிலை முக்காலி மாதிரி நிறுத்திக் கட்டினார். கீழே, கோழிக்குத் தண்ணீர் வைக்கிற மூக்கு வைத்த கல்தொட்டி. சொட்டு நேராகத் தொட்டியில் விழுந்தால் தெறித்து வீணாகிறது. குருவிக்கு உட்கார இடமும் இல்லை. யோசித்து, ஆட்டுக்கல்லின் குழவியைக் கழற்றித் தொட்டியின் நடுவில் நட்டு நிறுத்தினார். சொட்டு குழவியின் தலையில் விழுந்து, வழுவழுவென்று வழிந்து, தொட்டியில் சேர்ந்து, மூக்கு வழியாக முருங்கை வேருக்குப் போனது. அன்றிலிருந்து ஆரோக்கியம்மாள் மாவாட்ட எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

குருவிகள் வந்தன. முதலில் மைனா. அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம், கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி எல்லாம் சேர்ந்து வந்து எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். கொண்டலாத்தி ஒன்று குழவியின் தலையில் இறங்கி, விசிறியை விரிப்பதுபோல் கொண்டையை விரித்துக் காட்டியது. பெயர் தெரியாத பச்சைக் குருவி ஒன்று சொட்டை அந்தரத்திலேயே குடித்தது. கொண்டைக் குயில் மட்டும் வரவில்லை. சார் பின்வாசல் படியில் சம்மணம் போட்டு, முதுகு வளையாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணைத் திறந்தால் குருவி பயப்படுகிறதாம். பேச்செல்லாம் கிசுகிசு. அந்தக் குரலுக்குள் அவ்வளவு சின்னக் குரல் ஒன்று இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

சித்திரையில் ஒரு பிரதோஷத்தன்று மாயம்மாள் வைக்கோல் எடுக்க ஏணியில் ஏறினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். முக்காலியில் தொங்குகிற பானை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே ஆவுடை மாதிரி தொட்டி, நடுவில் கரேலென்று நிமிர்ந்த கல். எதிரே, வெற்றுடம்போடு, கண்ணை மூடி, அசையாமல் சூசைமாணிக்கம். கோயிலில் அக்கினி நட்சத்திரத்துக்கு லிங்கத்தின் மேல் தாரைப் பாத்திரம் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் வேறு என்ன நினைப்பாள்? ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"மாதாவைக் கும்பிடுற வேதக்காரர் வீட்டுல நம்ம சாமி தானா மொளைச்சிருக்கு" என்று தெருக் குழாயடியில் சொன்னாள். "மனுசன் கண்ணைத் தெறக்காம உக்காந்திருக்காரு. சத்தமே போச்சு. நீங்களே பாக்கலையா, அந்த மனுசன் சத்தம் எங்க போச்சுன்னு?"

அது எல்லாருக்கும் சரியான கேள்வியாகப் பட்டது.

"அது ஆட்டுக்கல்லுக் கொழவி. அதான் ஆரோக்கியம் எங்க வீட்டுல மாவாட்டுறா" என்றேன் நான்.

"ஒன் வீட்டுல மொளைக்கலைன்னு ஒனக்கு வயித்தெரிச்சல்" என்றாள் மாயம்மாள். நான் சொன்ன எத்தனையோ விஷயங்களை இந்தத் தெரு கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறது. அன்றைக்கு உண்மையைச் சொன்னேன், ஒருத்தி நம்பவில்லை.

சாயங்காலம் பெண்கள் பால் செம்போடும் வில்வத்தோடும் கொல்லை வழியாக வந்தார்கள். சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "பால் எதுக்கும்மா? குருவி பால் குடிக்காதே" என்று கிசுகிசுத்தார். அவர் ஏதோ அருள்வாக்கு சொல்கிறார் என்று ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நல்லுசாமி வந்தார். செருப்பை வெளியிலேயே கழற்றினார். மஞ்சள் கயிற்றை முருங்கையில் கட்டி, "இனிமே இந்த மரத்துல ஒருத்தரும் கையை வைக்கக் கூடாது" என்றார். "தல விருட்சம்ல" என்றாள் மாயம்மாள், பக்கத்தில் நின்று.

"அப்ப ஒன் மருமகன் தீவாளிக்கு?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"சாமி மரத்துப் பூச்சிக்குப் பயப்படுறவரு வராட்டிப் போறாரு."

ஆக மரம் பிழைத்தது. ஆரோக்கியம்மாளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனால் முன் வரிசைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. திங்கட்கிழமை உபதேசியார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன சார், கொல்லையில என்னமோ பிரதிஷ்டை பண்ணிட்டீங்களாமே?"

"குருவிக்காக வச்சதுங்க, உபதேசியாரே."

"குருவிக்குப் பிரதிஷ்டையா?"

அவர் போனதும் ஆரோக்கியம்மாள் சொன்னாள்: "இப்பச் சொன்னா மரம் போயிரும். சொல்லாட்டி மானம் போயிரும். எதையாச்சும் ஒன்னைச் செய்யுங்க."

சார் என்னவோ வேறு கவலையில் இருந்தார். சுவர் ஓரம் வந்து என்னிடம் கேட்டார்: "சின்னக்கண்ணு, நீ மேல இருந்து பாக்குறியே, மைனாவாச்சும் வருதா?"

"நான் எங்க பாக்குறேன்" என்றேன். "வரலை சார். மணியும் சூடமும் இருக்கையில எப்படி வரும்? மரம்தான் தப்பிச்சிருச்சுல்ல, விடுங்க."

"மரம் தப்பிச்சது சரி. பூச்சி இருக்கத்தானே செய்யும். அந்தக் குயில் நெஜமாவே இங்க வருமா, வந்தா திங்குமான்னு இனிமே எப்படித் தெரியும்?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். வெட்டப்போகிற மரத்துக்காக நின்றபோதுகூட அந்த முகம் அப்படி வாடியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கொல்லை நிறைந்திருந்த நேரத்தில் விசில் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு, பழைய விசில். "அட்டேன்ஷன்" என்றார். எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அவரிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள்தானே. சார் குனிந்து, குழவியின் மேலிருந்த குங்குமத்தையும் வில்வத்தையும் பதனமாக வழித்து ஓர் இலையில் வைத்தார். குழவியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் கிடந்த ஆட்டுக்கல்லுக்குப் போனார். குழிக்குள் இறக்கினார். பெட்டிக்கு மூடி பொருந்துவதுபோல் உட்கார்ந்தது.

"ஆரோக்கியம், உளுந்தைக் கொண்டா."

அவள் ஏற்கெனவே ஊறப்போட்டிருந்தாள். உட்கார்ந்து ஆட்ட ஆரம்பித்தாள். கல் உருள்கிற சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. மாவு நுரைத்து வந்தபோதுதான் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு அவ்வளவு மாவையும் வடையாகச் சுட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். வடை நன்றாக இருந்தது. மாயம்மாள் மட்டும் வாங்கவில்லை.

மறுநாள் நல்லுசாமி வந்து மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார். இந்தத் தடவை செருப்போடு வந்தார். "தீவாளி வரைக்கும்தான். பேச்சு மாறாது" என்றார். மாயம்மாள் ரெண்டு வீட்டோடும் பேச்சை நிறுத்தினாள். குழவியைப் பறிகொடுத்த தொட்டியில் சார் ஒரு செங்கல்லை வைத்தார். அது நீரை உறிஞ்சி உறிஞ்சிப் பாதி கரைந்தது. ஆனாலும் குருவிகள் ஒன்றிரண்டாகத் திரும்பின. தவிட்டுக்குருவிகள் முருங்கைக்குப் பக்கத்திலேயே, எலுமிச்சை மரத்தில் கூடு கட்டின.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. பூச்சியும் வந்தது. போன வருஷத்தைவிடக் கூடுதல். மழைக் காலத்தில் சொட்டுத் தண்ணீருக்கு எந்தக் குருவி வரும் என்று நான் கேட்டேன். சார் கேட்காதவர்போல் பானையை நிரப்பினார். ஆரோக்கியம்மாள் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். உள்ளே எதையும் அடுக்கவில்லை, ஆனால் மூடவும் இல்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் நல்லுசாமி கோடாலியோடு கருப்பணனைக் கூட்டிவந்தார். விறகு வெட்டுகிறவர், பேச்சுக் குறைவு. மரத்தைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பார்த்தார். மாயம்மாள் சுவரின் அந்தப் பக்கம் ஏணியில். நான் துவைகல்லில். சார் படியில்.

கருப்பணன் கோடாலியை ஓங்குவதற்குள் எலுமிச்சை மரத்தில் தவிட்டுக்குருவிகள் ஒரே கூச்சல். எதையோ விரட்டுகின்றன. அந்த எதுவோ, வெள்ளையும் கருப்புமாக, நீள வாலோடு விர்ரென்று வந்து முருங்கையில் உட்கார்ந்தது. தலையில் கொண்டை. தவிட்டுக்குருவிகளுக்கு அதன் மேல் அப்படி என்ன பகை என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவை இருக்கிற இடத்தை அது தேடிவந்தது மட்டும் தெரிந்தது.

"சார்" என்றேன்.

"உஸ்ஸ்" என்றது சார் இல்லை, மாயம்மாள். பேசாதிருந்த இத்தனை மாசத்தில் அதுதான் முதல் வார்த்தை.

கருப்பணன் ஓங்கிய கோடாலியை மெதுவாகத் தோளில் சாய்த்துக்கொண்டார். குயில் தலையைச் சாய்த்து அடிமரத்தைப் பார்த்தது. கீழே இறங்கியது. ஒரு கம்பளிப்பூச்சியைக் கவ்வியது. கிளையில் இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி. முழுங்கிவிட்டது.

"முடியோடவா?" என்று நல்லுசாமி கிசுகிசுத்தார்.

"முடியோடதான்" என்றார் சார்.

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நல்லுசாமி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். காலில் ஒரு பூச்சி ஏறுவதைக்கூடக் கவனிக்கவில்லை. குயில் வயிற்றை நிரப்பிக்கொண்டு பறந்தது. மரத்தில் இன்னும் அடை அடையாகத்தான் பூச்சி.

"இது என்ன கணக்கு சார்" என்றார் நல்லுசாமி, காலைச் சொறிந்தபடி. "இம்புட்டையும் அது எப்பத் தின்னு முடிக்கும்?"

ஆரோக்கியம்மாள் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏணியிலிருந்து குரல் வந்தது. "நாளைக்கும் வருமா?"

சார் திரும்பினார். "வரும்னு நெனைக்கிறேன். தெரியலைம்மா."

மாயம்மாள் மரத்தைப் பார்த்தாள். "அப்ப நாளைக்குப் பாத்துட்டு வெட்டுவோம், மொதலாளி."

மறுநாள் அது ஜோடியாக வந்தது. அதற்கும் மறுநாள் மாயம்மாள் தெருவில் நாலு பேரைக் கூட்டிவந்து ஏணியில் முறை வைத்து ஏற்றினாள். யார் பேசினாலும் அவளே உஸ்ஸென்றாள். கருப்பணனை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. பூச்சியைக் குயில் தின்று தீர்த்ததா, அல்லது கம்பளிப்பூச்சி தன் காலம் முடிந்து தானாகக் கூடு கட்டிப் போய்விட்டதா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. சாரும் சத்தியம் செய்யமாட்டார்.

தீபாவளிக்குத் தங்கமுத்து வந்தார். மரம் நிற்பதை வாசலிலிருந்தே பார்த்து, "ஏனுங்க அத்தை" என்று ஆரம்பித்தார். மாயம்மாள் அவரைப் பேசவிடாமல் ஏணிக்குக் கூட்டிப்போய், "ஏறிப் பாருங்க மாப்பிள்ளை, அது வர்ற நேரம்தான்" என்றாள். இலை போட்டுக் கூப்பிட்ட பிறகும் அவர் இறங்கவில்லை. அவருடைய வேட்டியை அந்த வருஷம் வீட்டுக்குள் உலர்த்தியிருந்தாள். போன வருஷமே அதைச் செய்திருக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டேன்.

தீபாவளி கழிந்து ஒரு காலை, சுவர் மேலாக ஒரு பழைய அம்மிக் குழவியை அவள் ஆரோக்கியம்மாளிடம் நீட்டினாள். "அந்தச் செங்கலு கரைஞ்சு போச்சு. கல்லு இல்லாம எங்க உக்காரும் அதுக?"

சார் வாங்கி, தொட்டியில் நட்டு நிறுத்தினார். சொட்டு அதன் தலையில் விழுந்தது. நான் துவைகல்லிலிருந்து பார்த்தபோது, குழவியின் உச்சியில் ஒரு விரல் அளவு மஞ்சள் தெரிந்தது.

"என்ன மாயம்மா, கல்லுல மஞ்சளு?" என்று கேட்டேன்.

"மஞ்சள் அரைச்ச கல்லுல மஞ்சள் இல்லாம என்ன இருக்கும்?" என்றாள், என்னைப் பார்க்காமல். "ஒன் துணியைத் தொவை போ."